கேஸ் எங்கே போகிறது?



கடந்த மாதம் இந்தப் பக்கத்தில் லீசிங் பத்திரத்தில் கையொப்பம் வைப்பதற்கு முன்னர் பார்க்க வேண்டிய விடயங்கள் பற்றிப் பேசினோம். அதை வாசித்துவிட்டு ஒரு சகோதரி என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்திருந்தார். இரண்டு தவணை பிந்திவிட்டது, மூன்றாவதும் பிந்தினால் வேனைக் கொண்டு போய்விடுவார்கள், என்ன செய்யலாம் என்று கேட்பதற்காகத்தான் வந்தார். பேசிக்கொண்டு போகும்போதுதான் பிரச்சினை பத்திரத்தில் இல்லை, வேனின் ஏ.சி.யில் இருக்கின்றது என்பது எனக்கு விளங்கியது.

"மூணு மாசத்துக்குள்ள மூணு தரம் கேஸ் அடிச்சாச்சி தங்கச்சி. இதெல்லாம் ஆம்புளயள்ட விசயம். எனக்கு என்ன தெரியும்? முடிஞ்சி போச்சி எண்டாங்க, காசக் குடுத்தன்" என்றார்.

அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கின்றார். ராத்தா என்றே எழுதுகிறேன். கல்முனைக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. 2007ஆம் ஆண்டு வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு ஒரு வயது. இத்தா முடிந்த பிறகு இடியப்பம் அவித்து விற்றார். 2012இல் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு குவைத்துக்குப் போனார். ஒன்பது வருடம் மற்றவர் வீட்டைத் துடைத்துச் சேர்த்த காசை முற்பணமாகக் கட்டி, மிகுதிக்கு லீசிங் எடுத்து, ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கினார். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வேன்களின் விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட போதிலும் எங்களைப் போன்றவர்களின் வீதியில் இன்னும் ஓடுவது அந்தப் பழைய வேன்கள்தான்.

வேனை ஓட்டியவர் ராத்தாவுடைய மூத்த சகோதரியின் மகன். உம்றாவுக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டு போவது, நோயாளிகளை மட்டக்களப்புக்குக் கொண்டு போவது என்று ஹயர் கிடைத்தது. கச்சான் காற்று தொடங்கினால் எமது கரையோரம் அடுப்பு மாதிரி. ஏ.சி. இல்லாத வேனை யாரும் பிடிப்பதில்லை. ஏ.சி. இல்லை என்றால் ஹயர் இல்லை, ஹயர் இல்லை என்றால் தவணை இல்லை.

இரண்டாவது தடவையும் கேஸ் "முடிந்தபோது" ராத்தா சகோதரியின் மகனைச் சந்தேகித்தார். ஹயர் காத்து நிற்கும்போது வேனுக்குள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்கிறான், கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு திரிகிறான், அதனால்தான் கேஸ் தீர்கிறது என்று நினைத்தார். பையன் இல்லை என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நோன்புப் பெருநாளைக்குக் கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை.

நான் சமூகவியல் படித்தவள். வாகனம் படித்தவள் அல்ல. ஆயினும் ஒரு கேள்வி எனக்கு வந்தது: இந்தக் கேஸ் டீசலைப் போலத் தீர்ந்து போகிற சாமானா? இதற்கு விடை தேடி அக்கரைப்பற்றுப் பக்கம் ஏ.சி. வேலை மட்டுமே செய்கின்ற ஒரு வயதான பாஸிடம் ராத்தாவையும் வேனையும் கூட்டிக்கொண்டு போனேன். ராத்தாவின் மகளும் வந்தாள். அங்கு நாங்கள் கண்டதையும், பிறகு நான் வாசித்து அறிந்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். வேன், முச்சக்கரவண்டி, கார் என்று ஏதாவதொரு வாகனத்தை நம்பிச் சீவிக்கும் சகோதரிகள் எங்களில் பலர் இருக்கின்றார்கள். அவர்களுக்கு இது உதவும்.

கேஸ் தீர்வதில்லை

முதலில் இதை விளங்கிக்கொள்வோம். கையில் ஸ்பிரிட் பூசினால் குளிர்கிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது கையில் இருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் அந்தக் குளிர். ஏ.சி.யும் அதே வேலையைத்தான் செய்கின்றது. டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் திரவம் ஆவியாகி, வாகனத்துக்குள் இருக்கும் சூட்டை இழுக்கின்றது. அந்த ஆவியைக் கொம்பிரசர் அமுக்கி, முன்னால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கொண்டென்சருக்கு அனுப்புகின்றது. அங்கே சூட்டை வெளியில் விட்டு மீண்டும் திரவமாகின்றது. பிறகு திரும்பவும் கூலிங் கொயிலுக்குப் போகின்றது. இப்படி ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி ஓடுகின்றது.

எனவே ஏ.சி.யைக் கூடப் போட்டால் டீசல் கூடச் செலவாகும், கேஸ் செலவாகாது. றப்பர் குழாய்கள் ஊடாகவும் கொம்பிரசரின் சீல் ஊடாகவும் வருடத்துக்குச் சிறிதளவு கசிவது வழமை. ஆனால் ஒரு மாதத்தில் கேஸ் இல்லாமல் போனால் அது எங்கேயோ ஓட்டையால் வெளியே போயிருக்கின்றது.

பாஸ் இதைச் சொன்னபோது ராத்தா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஏ.சி.யப் போட்டுட்டுப் படுத்தாலும் கேஸ் குறையாதா?" என்று மட்டும் கேட்டார். "குறையாது புள்ள. டீசல்தான் குறையும்" என்றார் பாஸ்.

கசிவை எப்படித் தேடுகிறார்கள்?

பாஸ் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது கேஸ் அடித்தது? எத்தனை நாள் குளிர்ந்தது? இரவில் வேனை எங்கே நிறுத்துவது? ஒரு கிழமையில் போனால் பெரிய ஓட்டை, சில மாதத்தில் போனால் சிறிய ஓட்டை. கடற்கரை வளவில் நிறுத்துவது என்றதும் அவர் தலையை ஆட்டினார். ஏ.சி. குழாய்களும் கொண்டென்சரும் பெரும்பாலும் அலுமினியம். உப்புக் காற்றும் உப்பு மணலும் அலுமினியத்தை அரிக்கும். இரும்புக் கிளிப் அலுமினியக் குழாயைப் பிடித்திருக்கும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும்.

பிறகு கண்ணால் பார்த்தார். கேஸுடன் சேர்ந்து கொம்பிரசருக்கு உரிய ஒயிலும் சுற்றுகின்றது. கேஸ் கசியும் இடத்தில் ஒயிலும் சேர்ந்து கசிந்து, அதில் தூசு ஒட்டிக் கறுத்த பிசுக்காக இருக்கும். மூட்டுகள், குழாய் வளைவுகள், கொம்பிரசரின் முன்பக்கம், கொண்டென்சரின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு விடயம்: ஏ.சி. ஓடும்போது வாகனத்துக்குக் கீழே சொட்டுவது வெறும் தண்ணீர். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து வடிகின்றது. அதைக் கசிவு என்று யாரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

மூன்றாவதாகக் கேஜ் பூட்டினார். இன்றைக்கு எமது வீதிகளில் ஓடும் பெரும்பாலான வாகனங்களில் இருப்பது ஆர் 134ஏ என்ற வாயு. இயந்திரத்தை நிறுத்தியிருக்கும்போது, 30 பாகை சூட்டில், உள்ளே திரவம் மிச்சமிருந்தால் கேஜ் ஏறத்தாழ 95 முதல் 100 பீ.எஸ்.ஐ. வரை காட்டும். அதற்கு மிகவும் கீழே நின்றால் கேஸ் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் நூறு காட்டினாலும் கேஸ் நிறைவாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கொஞ்சத் திரவம் இருந்தாலும் அதே அமுக்கம்தான். எவ்வளவு இருக்கின்றது என்பதை வெளியில் எடுத்து நிறுத்துத்தான் அறியலாம்.

அதன் பிறகுதான் உண்மையான தேடல். அதற்குப் பல வழிகள் உண்டு. சவர்க்கார நுரையை மூட்டுகளில் பூசிப் பார்ப்பது மிக மலிவானது. கசிந்தால் குமிழி வரும். ஆனால் மிக மெல்லிய கசிவுக்குக் குமிழி வர நேரமெடுக்கும், கை எட்டாத இடத்தைப் பார்க்கவும் முடியாது.

அடுத்தது மின்கருவி. அதன் மூக்கைக் குழாய் வழியே கொண்டு போகும்போது கேஸ் பட்டால் சத்தமிடும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழே இறங்கும். ஆகவே மூக்கைக் குழாய்க்கு மேலே அல்ல, கீழ்ப்பக்கமாகப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், காற்றும் அடிக்கக் கூடாது. கச்சான் காற்றில் திறந்த வெளியில் நின்று இந்தக் கருவியைப் பிடித்தால் ஒன்றும் அகப்படாது. அதனால் பாஸ் வேனைக் கொட்டகைக்குள் எடுத்து மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலைக் கழற்றாமல் சோதிப்பதற்கு, தண்ணீர் வடியும் துவாரத்தில் கருவியை வைத்துப் பார்த்தார்.

இன்னொன்று சாய முறை. ஒளிரும் சாயத்தை ஒயிலுடன் உள்ளே செலுத்தி, சில நாள் வாகனத்தை ஓடவிட்டு, இருட்டில் ஊதாக் கதிர் விளக்கை அடித்துப் பார்த்தால் கசிந்த இடம் பச்சை மஞ்சளாக மின்னும். கேஸ் முழுவதும் போய்விட்ட வாகனத்துக்கு நைட்ரஜனை அமுக்கத்துடன் விட்டு நுரை பூசிப் பார்ப்பார்கள். இதற்கு ஒருபோதும் ஒட்சிசன் சிலிண்டரைப் பாவிக்கக் கூடாது. ஒயிலும் அமுக்கப்பட்ட ஒட்சிசனும் சேர்ந்தால் வெடிக்கும்.

ராத்தாவின் வேனில் முன்பக்கத்தில், கேஸ் அடிக்கும் வால்வில் மூடி இல்லை. அதில் மெல்லிய குமிழி வந்தது. ராத்தாவுக்குப் பெரிய சந்தோசம், "கண்டுபிடிச்சாச்சி" என்றார். பாஸ் நிற்கவில்லை. "ஒண்டக் கண்டதும் நிண்டா மறுபடி வருவீங்க" என்று சொல்லிவிட்டு, பின் ஆசன ஏ.சி.க்குப் போகும் குழாயைப் பார்க்க வேனுக்கு அடியில் போனார். இடம் இடுக்கு, விளக்குப் பிடிக்க ஆள் இல்லை. ராத்தாவின் மகள் ஹிஜாபை இறுக்கிக்கொண்டு விளக்கை வாங்கினாள். தரையில் சாக்கை விரித்துப் படுத்து, அவர் சொன்ன இடமெல்லாம் வெளிச்சம் காட்டினாள். ஒரு கிளிப்புக்குப் பக்கத்தில், "இதுல கறுப்பா இரிக்கி பாஸ்" என்று சொன்னவளும் அவள்தான். கிளிப்பைக் கழற்றினால் மணலும் உப்பும், அதற்குக் கீழே ஊசி முனை அளவில் ஓட்டை. கருவி கத்தியது.

மூன்று தடவை காசு கொடுத்தும் ஒருவரும் அந்தக் கிளிப்பைக் கழற்றிப் பார்க்கவில்லை. அந்த மூன்று தடவையும் போன காசு ஒரு தவணைக்குக் கிட்ட வரும்.

திருத்திய பிறகு

எஞ்சியிருந்த கேஸைப் பாஸ் மெசினால் சிலிண்டருக்குள் இழுத்து எடுத்தார். அரித்த குழாய்த் துண்டை மாற்றி, வால்வையும் மூட்டுகளில் உள்ள ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டார். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றினார். பின்னர் வெக்கியூம் பம்பால் உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்து, பம்பை நிறுத்தி அரை மணித்தியாலம் பார்த்தார். முள் நகரவில்லை. முள் ஏறினால் இன்னும் ஓட்டை இருக்கின்றது என்று அர்த்தம். பொனட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் லேபலில் எத்தனை கிராம் கேஸ் என்று எழுதியிருக்கும். அந்த அளவைத் தராசில் நிறுத்துத்தான் விட்டார். கூடினாலும் குளிர் குறையும், கொம்பிரசருக்கும் கேடு. குறைந்தால் ஒயில் சரியாகச் சுற்றாமல் கொம்பிரசர் இறுகிப் போகலாம். அது குழாய்த் துண்டைவிடப் பல மடங்கு செலவு.

இதில் உலகத்துக்கும் பங்குண்டு

முன்னைய கார்களில் ஆர் 12 என்ற வாயு இருந்தது. அது வளிமண்டலத்தின் மேலே போய், சூரியனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படையை அழிக்கின்றது என்பதை 1974ஆம் ஆண்டு இரண்டு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் படை மிகவும் மெலிந்து போயிருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. காரணத்தைத் தேடி 1986இல் அங்கே சென்ற அமெரிக்க ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சூசன் சொலமன் என்ற பெண். அப்போது அவருக்கு வயது 30. இவ்வாறான ஆய்வுகள்தான் அந்த வாயுக்களே குற்றவாளி என்பதை உறுதிப்படுத்தின.

1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை 1989 டிசம்பரில் அதில் இணைந்தது. ஆர் 12 உலக அளவில் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ ஓசோனை அழிப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர் 134ஏ, நூறு வருடக் கணக்கில், ஏறத்தாழ 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். எனவே 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் இதனையும் படிப்படியாகக் குறைப்பதென்று நாடுகள் உடன்பட்டன. 2018இல் இலங்கையும் ஏற்றுக்கொண்டது.

ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எமது காசு காற்றில் போகின்றது, அந்தக் காற்றும் சூடாகின்றது. கச்சானை இன்னும் கொடுமையாக்குவதற்கு நாமே காசு கட்டத் தேவையில்லை.

கராஜில் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, வாகனத்தைத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். இந்தப் பகுதியை வெட்டி வாகனப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

1. கேஸ் அடிப்பதற்கு முன்னர், "எங்கே கசிகிறது? எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

2. ஒரு ஓட்டை அகப்பட்டால் மற்ற மூட்டுகளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

3. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

4. வெக்கியூம் எவ்வளவு நேரம் பிடித்தது, முள் நின்றதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

5. எத்தனை கிராம் கேஸ், எந்தக் கேஸ், என்ன திகதி என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை அதுதான் உங்கள் சாட்சி.

6. ஓட்டையை அடைக்கும் மருந்து என்று டின்னில் விற்பதை உள்ளே ஊற்ற விடாதீர்கள். அது குழாயையும் மெசினையும் அடைத்துவிடலாம்.

7. மலிவு என்று சமையல் கேஸை ஏ.சி.க்கு அடிக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வாகனத்துக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

நீங்களாகக் குழாயை இளக்கிப் பார்க்கவும் வேண்டாம். அமுக்கத்துடன் வெளிவரும் திரவம் தோலை உறைய வைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மூடிய அறையில் நிறையக் கசிந்தால் மூச்சும் அடைக்கும். கடற்கரையில் குடியிருப்பவர்கள் கொண்டென்சரையும் அடிப்பக்கத்தையும் அடிக்கடி நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் உப்புத் தங்காது.

கடைசியாக ஒன்று

வீட்டுக்கு வந்த பிறகும் நான் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யுத்தத்தின் பிறகும், 2004 டிசம்பர் 26 சுனாமியின் பிறகும் எமது பெண்களுக்கு எத்தனையோ தடவை எத்தனையோ நிரப்பப்பட்டன. தையல் மெசின், கோழிக்குஞ்சு, சுழற்சிக் கடன். கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏன் ஆறு மாதத்தில் அது இல்லாமல் போனது என்று அடியில் படுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கைவிட்டுப் போனதும், "இவளுக்குக் காசு வைக்கத் தெரியாது" என்று அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது எமக்கு இலேசாக இருந்தது. ராத்தாவும் தனது சகோதரியின் மகனுக்கு அதையேதான் செய்தார்.

திரும்பி வரும் வழியில் ராத்தா வேனைத் தனது வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. சகோதரியின் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். பையன் ஒரு கடையில் மூட்டை தூக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். ராத்தா அந்தப் பழைய குழாய்த் துண்டைக் கையில் கொடுத்து, "இதாலதான் போயிருக்கி மகன். நான் உன்னச் சொல்லிட்டன்" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. அவன் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "விடுங்க சாச்சி. நாளைக்கு ஹயர் இரிக்கா?" என்று மட்டும் கேட்டான். உள்ளே இருந்து அவனது உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார்.

தவணைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தவணையைக் கட்டிவிட்டார், மற்றதற்கு அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கின்றார். கடித மாதிரியை அடுத்த இதழில் தருகிறேன்.

மகளோ இப்போது வேறு கதை பேசுகின்றாள். குளிரூட்டி வேலையைப் படிக்க வேண்டுமாம். தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் சிலவற்றில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுடன் இந்தப் பாடநெறி உண்டு. பெண்களுக்கும் அனுமதி உண்டு. விபரத்தைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். "ஊர் என்ன சொல்லும் தங்கச்சி?" என்று ராத்தா என்னிடம் கேட்டார். எமது வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி பழுதானால், ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆணை அழைக்கத் தயங்கி நாட்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் எங்கே எடுப்பது என்று மறுநாள் தொலைபேசியில் கேட்டார்.

உங்களில் யாராவது இவ்வாறான தொழிலைப் படித்திருந்தால் எமக்கு எழுதுங்கள். அந்த மகளுக்கு அது தைரியமாக இருக்கும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.